முதல் நாள் காகிதம்: ஐ-9 படிவம் பிறந்த கதை

(பேச்சு வடிவத்திலிருந்து எழுத்தாக்கித் திருத்தப்பட்டது. சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு படிவத்தோட வரலாறு. படிவத்துக்கெல்லாம் ஒரு எபிசோடான்னு கேக்காதீங்க. அமெரிக்காவுல 1986 நவம்பர் 6-க்கு அப்புறம் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் இந்தப் படிவம் உண்டு. மளிகைக் கடையில பில் போடுற பையன்ல இருந்து கம்பெனி தலைமை அதிகாரி வரைக்கும். வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்னு நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை, அந்த நாட்டுக் குடிமக்களுக்கும்தான். பேரு ஐ-9. புதுசா சேர்றவர் யாரு, அவருக்கு இந்த நாட்டுல வேலை செய்ய உரிமை இருக்கா, இந்த ரெண்டு கேள்விக்கும் ஆவணத்தைப் பார்த்து முதலாளி எழுதி வெச்சுக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா இந்த ரெண்டு கேள்வியைச் சட்டமாக்க அமெரிக்க நாடாளுமன்றம் பதினஞ்சு வருஷம் சண்டை போட்டது. அந்தச் சண்டையோட தழும்பு ஒவ்வொண்ணும் இன்னைக்கும் அந்தப் படிவத்துல இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு.

2007-ல எச்-1பி விசாவுல நியூ ஜெர்சி வந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில வேலைக்குச் சேரணும். அன்னைக்கு என்னோட இன்னொருத்தரும் சேர்ந்தார், அங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். எச்.ஆர். அம்மா அவர்கிட்ட ஆவணம் கேட்டாங்க. டிரைவிங் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். சோஷியல் செக்யூரிட்டி கார்டு வீட்டுல இருக்குன்னார். "பரவாயில்லை, மூணு நாளைக்குள்ள கொண்டு வாங்க"ன்னு சொல்லி அவரை உள்ளே அனுப்பிட்டாங்க. அடுத்தது நான். பாஸ்போர்ட்டையும் அதுல ஸ்டேப்ளர் போட்டிருந்த வெள்ளை ஐ-94 சீட்டையும் மேஜை மேல வெச்சேன். பார்த்துட்டு, "சோஷியல் செக்யூரிட்டி கார்டு எங்கே?"ன்னு கேட்டாங்க. விண்ணப்பிச்சிருக்கேன், இன்னும் வரலைன்னேன். "அப்போ அது வந்ததும் வாங்க"ன்னுட்டாங்க.

ஒன்பது வேலை நாள் எடிசன்ல ஒரு அபார்ட்மென்ட்ல சும்மா உட்கார்ந்திருந்தேன். சம்பளம் கிடையாது. ராத்திரி அப்பா போன் பண்ணி ஆபீஸ் எப்படிப்பா இருக்குன்னு கேட்டா, நல்லா போகுதுப்பான்னு பொய் சொன்னேன். பத்தாவது நாள் கார்டு வந்தது, எடுத்துக்கிட்டு ஓடினேன்.

பல வருஷம் கழிச்சுத்தான் ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, முதல் நாள் நான் வெச்ச பாஸ்போர்ட்டும் ஐ-94-ம் போதும், வேற எதுவும் கேட்கக் கூடாது. ரெண்டு, எங்களை மாதிரி தற்காலிக விசாக்காரங்களுக்கு வர்ற சோஷியல் செக்யூரிட்டி கார்டுல, குடியேற்றத் துறை அனுமதி இருந்தாத்தான் இது வேலைக்குச் செல்லும்னு அச்சடிச்சிருப்பாங்க. அந்த வாசகம் இருக்குற கார்டை ஐ-9 படிவத்துக்கு ஏத்துக்கவே கூடாது! செல்லாத ஒரு கார்டுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன்.

அந்த அம்மா கெட்டவங்க இல்லை. பின்னாடி எனக்கு எத்தனையோ உதவி செஞ்சவங்க. அன்னைக்கு அவங்க பயந்தாங்க, அவ்வளவுதான். கம்பெனிக்கு அபராதம் வந்துடக் கூடாதேன்னு பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

டெக்சாஸ் விலக்கு

1942-ல் போர்க்காலத்தில் அமெரிக்க விவசாயத்துக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, தற்காலிகத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். பிரசேரோ திட்டம் என்று பெயர். 1964 வரை நீடித்த அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்திருப்பார், அதனால இது ஆள் எண்ணிக்கை இல்லை, ஒப்பந்த எண்ணிக்கை. ஒப்பந்தம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் தனி. பண்ணைக்காரர்கள் இரண்டு வகையினரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

1952-ல் ஒரு சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்றது. நல்லா கவனிங்க, அதே சட்டத்துல ஒரு வரி சேர்த்தாங்க: வேலை கொடுப்பது அடைக்கலம் கொடுப்பதாகக் கருதப்படாது. டெக்சாஸ் பண்ணை முதலாளிகளின் செல்வாக்கால் வந்த வரி என்பதால் அதற்கு டெக்சாஸ் விலக்கு என்றே பெயர் நிலைத்தது. ஒரு தொழிலாளியை வீட்டுல ஒளிச்சு வெச்சா குற்றம். வயல்ல வேலை வாங்கினா குற்றம் இல்லை. வேலை செஞ்சவர் பிடிபட்டா எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க. வேலை வாங்கினவர் அடுத்த நாள் வேற ஆளை எடுத்துக்குவார். இந்த நிலைமை 34 வருஷம் நீடித்தது.

கலிஃபோர்னியாவில் ஒரு முன்னோட்டம்

இதை முதலில் அசைத்துப் பார்த்தது கலிஃபோர்னியா மாநிலம். 1971-ல் அங்கே டிக்சன் ஆர்னெட் சட்டம் நிறைவேறியது. வேலை செய்யும் உரிமை இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால், அதனால் உரிமையுள்ள தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டால், முதலாளிக்கு 200 முதல் 500 டாலர் வரை அபராதம். அதில் கையெழுத்திட்ட ஆளுநர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன். இவர் பேரை மறக்காதீங்க, திரும்ப வருவார்.

அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி வழக்குப் போட்டவர்கள் பண்ணைத் தொழிலாளர்கள். உரிமை இல்லாதவர்களைத் தெரிந்தே வேலைக்கு வைத்ததால் எங்களுக்கு வேலை போய்விட்டது என்று ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் மீது வழக்கு. வழக்குப் போட்டவர் பேர் டி கானாஸ், அவரும் ஒரு புலம்பெயர் விவசாயக் கூலிதான். அந்தக் காலத்துல செசார் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கமும் இதே குறையைச் சொல்லிக்கிட்டிருந்தது: நாங்க வேலைநிறுத்தம் பண்ணா முதலாளி எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டு வந்து இறக்குறார். 1976-ல் உச்ச நீதிமன்றம் கலிஃபோர்னியாவுக்கு அப்படிச் சட்டம் போட அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

வாஷிங்டனில் நிலைமை வேறு. நியூ ஜெர்சி உறுப்பினர் பீட்டர் ரோடினோ கொண்டுவந்த முதலாளி அபராத மசோதா 1972-லும் 1973-லும் கீழவையில் நிறைவேறியது. மேலவையில் நீதித்துறைக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். மிசிசிப்பியில் பெரிய பருத்தித் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். மசோதா அவர் மேஜையிலேயே தூங்கியது.

கையில் பச்சை குத்தலாமே!

1978-ல் குடியேற்றக் கொள்கையை ஆராய ஒரு தேர்வுக் குழு அமைந்தது. நோட்ரடாம் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த பாதிரியார் தியோடர் ஹெஸ்பர்க் அதற்குத் தலைமை தாங்கினார். 1981-ல் அறிக்கை வந்தது. முதலாளிகளைத் தண்டிக்க வேண்டும் என்றது. ஆனா உடனே ஒரு கேள்வி எழுந்தது. வந்து நிக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு முதலாளிக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்தா தெரியுமா?

நம்மூர்ல கேட்டா ஆதார் கார்டைப் பாருன்னு சொல்லிடுவோம். அமெரிக்காவில் அப்படி ஒரு தேசிய அட்டை கிடையாது. கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்தது. 1981 ஜூலையில் ரீகன் அமைச்சரவையில் நடந்ததை அவருடைய கொள்கை ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போலி செய்யக் கடினமான ஓர் அட்டை கொடுக்கலாம் என்று யோசனை வருகிறது. கூட்டம் அதை ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறது. ஆண்டர்சன் எழுந்து, அதைவிட மலிவான, தொலையாத, தண்ணீர் பட்டாலும் கெடாத ஒரு வழி இருக்கிறது, எல்லோருடைய கையிலும் ஓர் எண்ணைப் பச்சை குத்திவிடலாம் என்கிறார். யூதர்களுக்கு ஆஷ்விட்ஸ் முகாமில் செய்தது அங்கே இருந்த அத்தனை பேர் நினைவுக்கும் வந்திருக்கும். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட்டுக்கு பைபிளில் வரும் மிருகத்தின் முத்திரை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ரீகனும் ஒரு நகைச்சுவை சொல்லி முடித்துவைக்க, அட்டை யோசனை அன்றோடு போயிற்று.

ஐ-9 படிவம் ஏன் இப்படிச் சுத்தி வளைச்சு இருக்குன்னு புரிய இந்தக் கூட்டம் முக்கியம். அட்டை வேண்டாம்னு முடிவாயிடுச்சு. சோதனை மட்டும் வேணும். அப்போ ஏற்கெனவே ஜனங்க கையில இருக்குற காகிதங்களை வெச்சுத்தான் சோதிச்சாகணும்.

1986: ஒரு பேரம்

வயோமிங்கின் ஆலன் சிம்ப்சன், கென்டக்கியின் ரொமானோ மாசோலி இருவரும் 1982-ல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் தோற்றது. அடுத்த முறை இரண்டு அவையும் நிறைவேற்றியும் 1984-ல் கடைசியில் இணக்கம் வராமல் செத்தது. 1986 அக்டோபரில் ஒருவழியாக நிறைவேறியது. நவம்பர் 6 அன்று கையெழுத்திட்டவர் அதே ரீகன், இப்போது அதிபராக.

எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துத்தான் அது நிறைவேறியது. 1982-க்கு முன்பிருந்தே நாட்டில் இருந்தவர்களுக்கும், பண்ணை வேலை பார்த்த குறிப்பிட்ட பிரிவினருக்கும் சட்டபூர்வ அந்தஸ்து. சுமார் 27 லட்சம் பேர் இதில் பயன்பெற்றார்கள். பதிலுக்கு டெக்சாஸ் விலக்கு ஒழிந்தது. இனி தெரிந்தே உரிமையில்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றம்.

வணிகர்கள் கேட்டாங்க: நாங்க என்ன போலீஸா, போலிக் காகிதத்தைக் கண்டுபிடிக்க? அவர்களுக்காகச் சட்டம் ஒரு வரி எழுதியது. ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தெரிந்தால் போதும், ஏற்றுக்கொள்ளலாம். தனிமனித உரிமைக்காரர்கள் பயந்தார்கள். அவர்களுக்காக இன்னொரு வரி: இந்தச் சட்டத்தைக் காட்டி தேசிய அடையாள அட்டை எதையும் கொண்டுவர முடியாது. லத்தீன் அமெரிக்க வம்சாவளி உறுப்பினர்கள் பல வருடங்களாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்: அபராதம் என்றால் முதலாளி எதற்கு வம்பு என்று எங்கள் முகத்தையும் உச்சரிப்பையும் பார்த்தே கதவைச் சாத்திவிடுவான். அவர்களுக்காக மாசசூசெட்ஸ் உறுப்பினர் பார்னி ஃபிராங்க் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பாகுபாடு காட்டினால் அதுவும் குற்றம், அதை விசாரிக்க நீதித்துறையில் தனி அலுவலகம்.

இதையெல்லாம் ஒரு படிவத்துல அடைச்சா என்ன வரும்? மூணு பட்டியல் வரும். ஏ பட்டியலில் இருக்கும் ஆவணம் ஒன்றே போதும், ஆளையும் காட்டும், உரிமையையும் காட்டும். அமெரிக்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு மாதிரி. அது இல்லாதவர் பி பட்டியலிலிருந்து ஒன்று, சி பட்டியலிலிருந்து ஒன்று காட்ட வேண்டும். பி என்பது ஆள் யார் என்பதற்கு, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. சி என்பது வேலை உரிமைக்கு, கட்டுப்பாடு அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி கார்டு மாதிரி. எதைக் காட்டுவது என்பதை வேலைக்குச் சேருகிறவர்தான் தேர்ந்தெடுப்பார். முதல் நாள் அவர் கையெழுத்து, மூன்று வேலை நாளுக்குள் முதலாளி ஆவணத்தைப் பார்த்துக் கையெழுத்து. படிவத்தை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. அலுவலகத்திலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதிகாரிகள் வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

உள்ளே ஒரு ஊசியும் இருந்தது. படிவத்தைச் சரியா நிரப்பலைன்னா, வேலை பார்க்குறவர் முழு உரிமையுள்ள குடிமகனா இருந்தாக்கூட, ஒரு படிவத்துக்கு 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம். இன்னைக்கு அந்தத் தொகை இன்னும் கூடியிருக்கு. எங்க எச்.ஆர். அம்மாவோட பயம் இங்கிருந்து வந்ததுதான்.

பயம் யார் மேல் விழுந்தது

அந்த உறுப்பினர்கள் சொன்ன பயம் உண்மையா இல்லையா என்று பார்க்க, சட்டத்திலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு மூன்று வருடம் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். பரவலான பாகுபாடு கண்டுபிடிக்கப்பட்டால் முதலாளி அபராதத்தையே நாடாளுமன்றம் ரத்து செய்யலாம்.

மூன்றாவது அறிக்கை 1990 மார்ச்சில் வந்தது. ஆய்வில் அடங்கிய முதலாளிகளில் 10 சதவீதம் பேர், அதாவது சுமார் 4,61,000 பேர், இந்தச் சட்டத்தின் காரணமாக வெளிநாட்டுத் தோற்றத்தையும் உச்சரிப்பையும் வைத்துப் பாகுபாடு காட்டத் தொடங்கியிருந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. சிகாகோவிலும் சான்டியாகோவிலும் நேரடிச் சோதனையும் நடந்தது. ஒரே மாதிரித் தகுதியுள்ள இருவரை இருவராக வேலை கேட்டு அனுப்பினார்கள். ஒருவர் வெள்ளையர், இன்னொருவர் லத்தீன் அமெரிக்கத் தோற்றமும் உச்சரிப்பும் கொண்டவர். இரண்டாமவரைப் பாதகமாக நடத்துவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

இதைப் படிச்சப்போ என் திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்தது. ஒரே மேஜை, ரெண்டு பேர். ஒருத்தருக்கு மூணு நாள் அவகாசம், இன்னொருத்தருக்கு வீட்டுக்குப் போன்னு பதில்.

நாடாளுமன்றம் அபராதத்தை ரத்து செய்யவில்லை. அதற்குப் பதில் 1990 குடியேற்றச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. படிவத்துக்குத் தேவையானதைவிட அதிக ஆவணம் கேட்பது, இந்த ஆவணம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது, உண்மையாகத் தெரியும் ஆவணத்தை மறுப்பது, இதெல்லாம் குற்றம். அபராதம் வேண்டும் என்று 1986-ல் ஆதரித்த பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ., 2000 பிப்ரவரியில் அதை ரத்து செய்யச் சொல்லிவிட்டது. சங்கம் சேர்க்குற தொழிலாளியை மிரட்டத்தான் முதலாளிகள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துறாங்கன்னு அவங்க அனுபவத்துல பார்த்துட்டாங்க.

கம்ப்யூட்டர் வந்தால் தீருமா

காகிதம் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தால் போதும் என்றதும் என்ன நடக்கும்? பார்வைக்கு உண்மையாகத் தெரியும் போலிகள் சந்தைக்கு வந்தன. 1994-ல் பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணையம், எண்ணைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் முறையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. 1996-ல் சட்டமாகி, 1997 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் தொடங்கியது. 2007-ல் அதற்கு இ-வெரிஃபை என்று பெயர் வந்தது. படிவத்தில் உள்ள விவரத்தை முதலாளி இணையத்தில் அனுப்பினால், சோஷியல் செக்யூரிட்டி, குடியேற்றத் துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பதில் வரும்.

இதுக்கு ஸ்விஃப்ட் இறைச்சி நிறுவனத்தோட கதையைச் சொல்லியே ஆகணும். அவர்கள் 1997-லிருந்தே இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். சில விண்ணப்பதாரர்களைச் சந்தேகப்பட்டு அதிகமாகக் குடைகிறார்கள் என்று நீதித்துறையின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் அவர்கள் மீது வழக்குப் போட்டது. 2002-ல் சுமார் 2 லட்சம் டாலர் கொடுத்து, தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டார்கள். 2006 டிசம்பர் 12-ல் அதே நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் குடியேற்றத் துறை ஒரே நாளில் புகுந்து சுமார் 1,300 பேரைக் கைது செய்தது. ஒரு துறை ரொம்பத் துருவுறேன்னு வழக்குப் போட்டது, இன்னொரு துறை உரிமையில்லாத ஆட்களை அங்கேயே பிடிச்சது. கம்ப்யூட்டர் என்ன சொல்லியிருந்தது? சரின்னு சொல்லியிருந்தது. ஏன்னா பலர் வைத்திருந்தது நிஜமான இன்னொருத்தர் பேரும் எண்ணும். எண் நிஜமா இருக்கான்னு கம்ப்யூட்டர் சொல்லும். எதிர்ல நிக்கிறவர் அந்த எண்ணுக்கு உரியவரான்னு சொல்லாது. 2009-ல் வெளிவந்த அரசு ஏற்பாடு செய்த மதிப்பீடு, இ-வெரிஃபையில் சோதிக்கப்பட்ட உரிமையில்லாத தொழிலாளர்களில் சுமார் 54 சதவீதம் பேருக்கு உரிமை உண்டு என்றே தவறாகப் பதில் வந்ததாகச் சொன்னது.

ஆக, 1981-ல் அந்தக் கூட்டத்துல விட்டுட்டுப் போன கேள்வி அப்படியேதான் இருக்கு. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் எச்.ஆர். மேஜைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் அபராதம். குறைவாகக் கேட்டாலும் தப்பு, அதிகமாகக் கேட்டாலும் தப்பு. நடைமுறையில், பயந்த மனுஷன் அதிகமாக் கேக்குற பக்கம்தான் சாய்வான். அதோட செலவை மேஜைக்கு எதிர்ல நிக்கிறவன் கொடுப்பான்.

கடைசியா ஒரு மாற்றம். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, ஆவணத்தை நேரில் பார்க்கும் விதியைத் தளர்த்தினார்கள். 2023 ஜூலை 31-ல் அந்தத் தளர்வு முடிந்தது. மறுநாளிலிருந்து இ-வெரிஃபையில் ஒழுங்காக இருக்கும் நிறுவனங்கள் மட்டும் வீடியோ அழைப்பில் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று நிரந்தர மாற்று வழி வந்தது.

கேட்பவர்களுக்கு

புதுசா வேலைக்குச் சேரப்போற தம்பி தங்கச்சிகளுக்கு, வரலாற்றுல இருந்தே மூணு விஷயம் சொல்லி முடிக்கிறேன். படிவத்தோடவே ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியல் வரும், அதைப் படிங்க. எதைக் காட்டுறதுன்னு முடிவு பண்றது நீங்க. எச்-1பி-ல சேர்றீங்கன்னா பாஸ்போர்ட்டும் ஐ-94-ம் போதும். எச்-4-ல வேலை அனுமதி அட்டை வாங்கினவங்களுக்கு அந்த அட்டை ஒண்ணே ஏ பட்டியல்ல இருக்கு.

இ-வெரிஃபையில விவரம் பொருந்தலைன்னு பதில் வந்தா, அதை உங்ககிட்ட தனியா சொல்லணும். நீங்க அதை எதிர்த்தா, சம்பந்தப்பட்ட துறையைத் தொடர்புகொள்ள எட்டு அரசு வேலை நாள் உண்டு. முடிவு வர்ற வரைக்கும் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. நம்ம பேர்கள் இனிஷியல், அப்பா பேர், கடைசிப் பேர்னு ஒவ்வொரு ஆவணத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால இது நமக்கு ரொம்பத் தேவை.

மூணாவது, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்குற நம்மாட்களுக்கு. இப்போ எச்.ஆர்-லயும் நிறையத் தமிழர்கள் இருக்கீங்க. போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு பையன் சேர்ந்தான், திருநெல்வேலிப் பக்கம். சோஷியல் செக்யூரிட்டி கார்டு இன்னும் வரலை சார்னு முகம் வெளுத்து நின்னான். பட்டியலை எடுத்துக் காட்டி, உன் கையில இருக்குறதே போதும்ப்பா, உள்ளே போய் உட்காருன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லியிருப்பான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.